வெளிப்புற எஸ்எஸ்டியில் நிறுவிய உபுண்டு இன்னொரு கணினியில் தொடங்க மறுப்பது ஏன்?

வாசகர் கேள்வி

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் என் வீட்டிலும், வார இறுதியில் ஒரு துணைப்பாட நிலையத்திலும் மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பித்து வருகிறேன். இரண்டு இடங்களிலும் ஒரே சூழலில் வேலை செய்வதற்காக 1 டெராபைட் வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, என் விண்டோஸ் 11 மடிக்கணினியில் செருகி, அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பை நிறுவினேன். எஸ்எஸ்டி செருகியிருக்கும்போது என் மடிக்கணினியில் உபுண்டு நன்றாக இயங்குகிறது. அதைக் கழற்றிவிட்டாலோ கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற சொல் மட்டும் நிற்கிறது. எஃப்12 விசையை அழுத்திப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால்தான் விண்டோஸ் வருகிறது. துணைப்பாட நிலையத்தின் பழைய கணினியில் எஸ்எஸ்டியின் பெயரே தொடக்கப் பட்டியலில் தென்படவில்லை. வீட்டில் கணினித் திரையோடு இணைந்த யூஎஸ்பி ஹப்பில் செருகினால் சில வேளைகளில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டி நின்றுவிடுகிறது. கையொப்பமிட்ட தொடக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' அமைப்பை அணைத்துப் பார்த்தேன். விண்டோஸ் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டதால் அஞ்சி மறுபடியும் இயக்கிவிட்டேன். போதாக்குறைக்கு விண்டோஸின் கடிகாரம் 8 மணி நேரம் பின்தங்கிப்போகிறது. எஸ்எஸ்டி பழுது என்றும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவ வேண்டும் என்றும் கடையில் சொல்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா? உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளின் பள்ளி மடிக்கணினியில் இந்த எஸ்எஸ்டியைச் செருகிப் பார்க்கலாமா?

பதில்

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

எதையும் அழிக்க வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளில் எஸ்எஸ்டி பழுதானதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பழுதான டிரைவ் உங்கள் மடிக்கணினியில் ஒழுங்காக இயங்கி, கழற்றியபின் விண்டோஸைத் தடுக்கும் என்பது நடக்கக்கூடியதும் அன்று. கழற்றினால் விண்டோஸ் வராமல் போவதும், நிலையத்துக் கணினியில் எஸ்எஸ்டி தென்படாமல் இருப்பதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் விளைந்தவை. ஹப்பில் செருகும்போது நிற்பது வேறு காரணத்தால். 48 இலக்க எண்ணும் கடிகாரமும் தனித்தனிச் செய்திகள். முதற்காரணத்தை விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது விளங்கிவிட்டால் நீங்கள் எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் எங்கே தடை என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கணினியை இயக்கியதும் முதலில் விழித்துக்கொள்வது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையில் உள்ள யூஇஎஃப்ஐ என்னும் அடிப்படை மென்பொருள். பழக்கத்தில் பலரும் அதை இன்னமும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். அதற்கு உபுண்டுவையும் தெரியாது, உபுண்டு பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறையையும் பொதுவாகப் படிக்கத் தெரியாது. அது படிக்கக்கூடியது, டிரைவில் ஃபேட்32 முறையில் அமைந்த 'இஎஃப்ஐ பிரிவு' என்ற சிறிய இடத்தை மட்டும்தான். அந்தப் பிரிவில் தொடக்க நிரல் ஒன்று இருக்க வேண்டும். உபுண்டுவுக்கு அந்த வேலையைச் செய்வது கிரப். யூஇஎஃப்ஐ கிரப்பை எழுப்ப, கிரப் உபுண்டுவின் மையமான கருவை (கெர்னல்) எழுப்ப, கரு தன் கோப்புகள் இருக்கும் பிரிவைத் தேடிப் பிடிக்க, அதற்குப் பிறகுதான் உங்களுக்கு உள்நுழைவுத் திரை தெரிகிறது. ஒவ்வொரு கட்டமும் அடுத்ததிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகுகிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் கோளாறு.

இப்போது உங்கள் எஸ்எஸ்டிக்கு வருவோம். உபுண்டு 22.04 பதிப்பின் நிறுவியில் நெடுநாளாக அறியப்பட்ட குறை ஒன்று உண்டு. வெளி டிரைவைத் தேர்ந்தெடுத்து நிறுவச் சொன்னாலும், கணினியின் உள் டிரைவில் ஏற்கெனவே ஓர் இஎஃப்ஐ பிரிவு இருந்தால், தொடக்க நிரலை அது அங்கேயே வைத்துவிடுகிறது. விண்டோஸ் 11 உள்ள எந்த மடிக்கணினியிலும் அப்படியொரு பிரிவு இருக்கும். ஆகவே உபுண்டு முழுவதும் வெளி எஸ்எஸ்டியில் இருக்கிறது. அதை எழுப்ப வேண்டிய கிரப் மட்டும் மடிக்கணினிக்குள் இருக்கிறது. வீடு ஒரு புளோக்கில், அதன் சாவி இன்னொரு புளோக்கின் அஞ்சல் பெட்டியில் என்பது போன்ற நிலை இது. மடிக்கணினியில் செருகினால் சாவியும் வீடும் சேர்ந்துவிடுகின்றன, உபுண்டு இயங்குகிறது. கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் கிரப் தான் தேட வேண்டிய பிரிவைக் காணாமல், கட்டளைக்காகக் காத்துக் கறுப்புத் திரையில் நிற்கிறது. நிலையத்துக் கணினிக்கு எஸ்எஸ்டியை எடுத்துச் சென்றால் அங்கே தொடக்க நிரலே இல்லாததால், யூஇஎஃப்ஐ அதைத் தொடங்கத்தக்க டிரைவாகவே கருதுவதில்லை.

விண்டோஸுக்கு எந்தச் சேதமும் நேரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விண்டோஸின் தொடக்க நிரல் அதே இஎஃப்ஐ பிரிவில் 'மைக்ரோசாஃப்ட்' என்ற கோப்புறையில் தொடப்படாமல் இருக்கிறது. எஃப்12 வழியாக விண்டோஸ் திறப்பதே அதற்குச் சான்று. நடந்திருப்பது வரிசை மாற்றம் மட்டும்தான். கறுப்புத் திரையில் நிற்கும்போது 'எக்ஸிட்' என்று தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தினால், பெரும்பாலான கணினிகளில் கிரப் விலகி, வரிசையில் அடுத்து இருக்கும் விண்டோஸ் எழுந்துவிடும். நிலையான திருத்தத்தைச் செய்யும்வரை இது போதும்.

திருத்தத்தைத் தொடங்குவதற்கு முன், அந்த 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். உங்கள் மடிக்கணினியின் உள் டிரைவ் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் அதைக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டியதில்லை; மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 அமைக்கப்படும் பல மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கிவிடுகிறது. திறவுகோல் டிபிஎம் என்னும் சில்லில் இருக்கிறது; தொடக்கச் சூழல் வழக்கம்போல் இருந்தால் அது கேள்வியின்றித் திறக்கும், செக்யூர் பூட் அணைக்கப்பட்டாலோ தொடக்க நிரல்களின் வரிசையில் புதியது புகுந்தாலோ மீட்பு எண்ணைக் கேட்கும். நீங்கள் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கியது சரியான செயல். பழைய நிலை திரும்பியதால் கேள்வியும் நின்றது. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில், சாதனங்கள் பகுதியில், இந்த மடிக்கணினியின் பெயருக்குக் கீழ் இருக்கும். நீலத் திரையில் காட்டப்படும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளும் இணையப் பக்கத்தில் உள்ள குறியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, எண்ணைத் தாளில் எழுதி, மடிக்கணினியோடு சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள். அந்த எண் இல்லாமல் டிரைவ் பூட்டிக்கொண்டால் அதைத் திறக்க மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது, எந்தக் கடையாலும் முடியாது. கூடவே, பாடக் கோப்புகளின் பிரதி ஒன்றை இன்னொரு டிரைவிலோ மேகச் சேமிப்பிலோ எடுத்துவிடுங்கள்.

இனி திருத்தம். நாம் செய்ய வேண்டியது, தொடக்க நிரலை வெளி எஸ்எஸ்டியின் சொந்த இஎஃப்ஐ பிரிவில் வைப்பது. உங்கள் மடிக்கணினியில் உபுண்டு இயங்குகிறது என்பதால் வேலை எளிதாகிவிடுகிறது. அதற்குள் இருந்தபடியே செய்யலாம்.

எஸ்எஸ்டியைச் செருகி உபுண்டுவைத் தொடங்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். டிரைவுகளும் அவற்றின் பிரிவுகளும் பட்டியலாக வரும். உள் டிரைவின் பெயர் பெரும்பாலும் என்விஎம்இ என்று தொடங்கும். யூஎஸ்பி வழி வரும் டிரைவின் பெயர் எஸ்டி என்று தொடங்கும். பட்டியலில் 'பூட்' கோப்புறைக்குள் உள்ள 'இஎஃப்ஐ' என்ற இணைப்பிடம் எந்தப் பிரிவுக்கு நேராக இருக்கிறது என்று கவனியுங்கள். என்விஎம்இ டிரைவுக்கு நேராக இருந்தால் நான் மேலே சொன்னது உறுதியாகிவிடுகிறது. எஸ்டி டிரைவுக்கு நேராக இருந்தால் என் கணிப்பு தவறு. அப்போது இந்தப் பகுதியை விட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அடுத்து, வெளி எஸ்எஸ்டியில் ஃபேட்32 பிரிவு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது 'முழு டிரைவையும் அழித்து நிறுவுக' என்ற வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஏறத்தாழ 500 மெகாபைட் அளவில் அப்படியொரு பிரிவு உருவாகி, பயன்படாமல் கிடக்கும். இது அந்த நிறுவியின் விந்தையான பக்கம்: இடத்தை ஒதுக்கிவிட்டு நிரலை வேறிடத்தில் வைக்கிறது. பிரிவுகளை நீங்களே வகுத்திருந்தால் அது இல்லாமலும் இருக்கலாம். அப்போது உபுண்டுவின் நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, 'நிறுவாமல் பயன்படுத்திப் பார்க்க' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஜிபார்ட்டெட் என்ற கருவியால் உபுண்டுவின் பிரிவை அதன் இறுதிப் பக்கத்திலிருந்து சிறிதளவு சுருக்கி, அந்த இடத்தில் 500 மெகாபைட் ஃபேட்32 பிரிவை உருவாக்கி, அதற்கு 'இஎஸ்பி' என்ற கொடியை இட வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் உபுண்டு தன் சொந்தப் பிரிவைச் சுருக்க முடியாது என்பதால்தான் இந்தப் பென்டிரைவ் வழி. பிரிவின் தொடக்கப் பக்கத்தை நகர்த்தாதீர்கள். அது மணிக்கணக்கில் ஆகும், நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும்.

பிரிவு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிஎல்கேஐடி என்ற கட்டளை ஒவ்வொரு பிரிவின் தனி அடையாளத்தையும் காட்டும். ஃபேட்32 பிரிவின் அடையாளம் நான்கு எழுத்து, ஒரு சிறுகோடு, மறுபடி நான்கு எழுத்து என்று குறுகியதாக இருக்கும். எந்தப் பிரிவை எங்கே இணைப்பது என்று குறித்துவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், இஎஃப்ஐ இணைப்பிடத்துக்கான வரியில் இப்போது மடிக்கணினிப் பிரிவின் அடையாளம் இருக்கும். அதை நீக்கி, வெளி எஸ்எஸ்டியின் பிரிவு அடையாளத்தை எழுதிச் சேமியுங்கள். பிறகு பழைய பிரிவை இணைப்பிடத்திலிருந்து விலக்கி, புதியதை இணையுங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையை மறுபடி இட்டு, இணைப்பிடம் எஸ்டி டிரைவுக்கு மாறிவிட்டதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்த அடியை வையுங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்ப்பவர்கள்தாம் மறுபடியும் பழைய இடத்திலேயே நிரலை எழுதிவிட்டுக் குழம்புகிறார்கள்.

அடுத்த அடி கிரப்-இன்ஸ்டால் கட்டளை. அதில் இலக்கு 64-பிட் இஎஃப்ஐ என்றும், இஎஃப்ஐ கோப்புறை நீங்கள் இணைத்த இடம் என்றும் குறிப்பிட்டு, 'ரிமூவபிள்' என்ற தெரிவையும், 'யூஇஎஃப்ஐ-செக்யூர்-பூட்' என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும். ரிமூவபிள் என்ற அந்தத் தெரிவில்தான் உங்கள் நோக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வழக்கமான நிறுவலில், 'உபுண்டு என்பது இந்த டிரைவின் இந்தக் கோப்பில் இருக்கிறது' என்ற பதிவு கணினியின் தாய்ப்பலகை நினைவகத்தில் எழுதப்படும். அந்தப் பதிவு டிரைவோடு பயணம் செய்யாது. பதிவு இல்லாத டிரைவைச் செருகினால் என்ன செய்வது என்பதற்கு யூஇஎஃப்ஐ தரவரையறையிலேயே விடை இருக்கிறது: இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் கோப்புறை, அதற்குள் 'பூட்எக்ஸ்64' என்ற பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று பார், இருந்தால் அதை இயக்கு. ரிமூவபிள் தெரிவு தொடக்க நிரலைச் சரியாக அந்தப் பெயரில், அந்த இடத்தில் வைக்கிறது. அதன்பிறகு இந்த எஸ்எஸ்டியை முன்பின் பார்த்திராத கணினியும் அதைத் தொடங்கத்தக்கதாக அடையாளம் காணும். இரண்டாவது தெரிவு, மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட 'ஷிம்' என்ற சிறு நிரலைச் சேர்த்து வைக்கிறது. அதனால் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையே எழாது. கடைசியாக அப்டேட்-கிரப் கட்டளையை இட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது எஃப்12 பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது மடிக்கணினிக்குள் இருக்கும் பழைய நிரலைத்தான் எழுப்பும். எஸ்எஸ்டியின் தயாரிப்புப் பெயரோடு 'யூஇஎஃப்ஐ' என்று காட்டும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அதன் வழியாக உபுண்டு எழுந்துவிட்டால், பழைய பதிவை நீக்கலாம். இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை பதிவுகளை எண்ணிட்டுக் காட்டும். 'உபுண்டு' என்ற பதிவின் எண்ணைக் குறிப்பிட்டு அதை மட்டும் நீக்குங்கள். சில கணினிகளில் அந்தப் பதிவு மறுபடி முளைக்கும். அப்படியானால் மடிக்கணினியின் இஎஃப்ஐ பிரிவில் உள்ள 'உபுண்டு' கோப்புறையையும் நீக்க வேண்டியிருக்கும். அருகில் இருக்கும் 'மைக்ரோசாஃப்ட்' கோப்புறையின் மேல் கை படக்கூடாது. பிறகு பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையை, முதலில் யூஎஸ்பி, அடுத்து விண்டோஸ் என்று வைத்துவிட்டால், எஸ்எஸ்டி செருகியிருந்தால் உபுண்டுவும் இல்லாவிட்டால் விண்டோஸும் தாமே எழும். உபுண்டு இயங்கும்போது விண்டோஸுக்கு மாற வேண்டுமென்றால், கிரப் பட்டியல் வழியாக மாறாமல், கணினியை மறுதொடக்கம் செய்து எஃப்12 வழியாக மாறுங்கள். கிரப் வழியாக எழுப்பினால் பிட்லாக்கர் மறுபடி 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும்.

துணைப்பாட நிலையத்தின் கணினிக்கு இது மட்டும் போதாமல் போகலாம். அது பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தைத் திறந்து, 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'யூஇஎஃப்ஐ' என்று இருந்தால் மேலே சொன்ன திருத்தம் போதும். அதன் பிறகும் எஸ்எஸ்டி தென்படாவிட்டால் பயாஸ் அமைப்பில் 'ஃபாஸ்ட் பூட்' இயங்குகிறதா என்று பாருங்கள். தொடக்கத்தை விரைவுபடுத்த அது யூஎஸ்பி டிரைவுகளைத் தேடாமலே கடந்துவிடும். விண்டோஸைத் திறந்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' என்பதைச் சொடுக்கினால் வரும் நீலப் பக்கத்தில், 'யூஸ் எ டிவைஸ்' என்ற வழி பெரும்பாலான யூஇஎஃப்ஐ கணினிகளில் இருக்கும். விசையை நேரத்துக்கு அழுத்த முடியாத இடங்களில் அதுவே எளிது. விசையும் எல்லாக் கணினியிலும் எஃப்12 இல்லை. எச்பி கணினிகளில் எஃப்9, அசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப், ஏசரில் எஃப்12 ஆனாலும் அதைப் பயாஸ் அமைப்பில் முதலில் இயக்கிவைக்க வேண்டியிருக்கும்.

அந்த வரியில் 'லெகசி' என்று இருந்தால் கதை வேறு. அந்தக் கணினி பழைய பயாஸ் முறையில் டிரைவின் முதல் 512 பைட்டுகளைப் படித்துத் தொடங்குகிறது. இஎஃப்ஐ பிரிவை அது ஏறெடுத்தும் பார்க்காது. அமைப்பை யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றினால் உங்கள் உபுண்டு எழும், ஆனால் அந்தக் கணினியின் விண்டோஸ் எழாது. வேலை முடிந்ததும் நீங்கள் மறக்காமல் பழைய நிலைக்கு மாற்ற வேண்டும். பிறர் பயன்படுத்தும் கணினியில் ஒவ்வொரு வாரமும் இப்படி மாற்றிக்கொண்டிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, எஸ்எஸ்டியில் 1 மெகாபைட் அளவில் 'பயாஸ் கிரப்' என்ற கொடியோடு ஒரு சிறு பிரிவை உருவாக்கி, பழைய முறைக்கான கிரப்பையும் அதே எஸ்எஸ்டியில் நிறுவிவிடுவது நல்லது. இரண்டு வகைத் தொடக்க நிரல்களும் ஒரே டிரைவில் முரண்பாடின்றி இருக்கும். எந்த வழியானாலும் நிலையத்தின் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். அந்தக் கணினியின் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் எஸ்எஸ்டி தென்படாமல், கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 துளையில் தென்படுவதும் உண்டு. பழைய தாய்ப்பலகைகள் சிலவற்றில் யூஎஸ்பி 3.0 துளைகள் கூடுதல் சில்லால் இயங்கின, இயங்குதளம் எழும்வரை அவை உயிர்பெறா.

ஹப்பில் செருகும்போது நிற்பதற்கு வருகிறேன். 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று திரையில் நிற்கிறது என்றால், யூஇஎஃப்ஐயும் கிரப்பும் தம் வேலையை முடித்துவிட்டன, கரு எழுந்துவிட்டது, அதற்குப் பிறகு உபுண்டுவின் பிரிவைத் தேடியபோது எஸ்எஸ்டி பதில் சொல்லவில்லை என்று பொருள். நேரடியாகச் செருகினால் இந்தத் தொல்லை இல்லை என்பதால் காரணம் ஹப்பிலோ கேபிளிலோ இருக்கிறது. யூஎஸ்பி 2.0 தரத்தின்படி ஒரு துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரவேண்டும், யூஎஸ்பி 3.0 என்றால் 900. தனி மின்னிணைப்பு இல்லாத ஹப் அந்த அளவையும் விசைப்பலகை, சுட்டி எல்லாவற்றுக்கும் பங்கிட்டுத் தருகிறது. தொடக்கத்தின்போது எஸ்எஸ்டி கூடுதல் மின்சாரம் கேட்கும் நொடியில் இணைப்பு அறுந்து மீண்டும் வருகிறது. இயங்குதளமே அதில் இருக்கும்போது அந்த ஒரு நொடியும் பெரிது. கேபிளையும் பாருங்கள். டைப்-சி முனை இருக்கும் கேபிள்கள் எல்லாம் ஒன்றல்ல. கைப்பேசிக்கு மின்னேற்றத் தரப்படும் கேபிள்கள் பல யூஎஸ்பி 2.0 வேகமான நொடிக்கு 480 மெகாபிட்டையே தாங்கும், உபுண்டு அதில் ஊர்ந்து செல்லும். எஸ்எஸ்டியோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்தி, மடிக்கணினியின் துளையிலேயே செருகுங்கள்.

நேரடியாகச் செருகியும் எப்போதாவது அப்படி நின்றால், கிரப்பின் அமைப்பில் 'ரூட்-டிலே' என்ற தெரிவுக்கு 10 நொடி கொடுத்துப் பாருங்கள். மெதுவாக விழிக்கும் டிரைவுக்காகக் கரு காத்திருக்கும். அதுவும் பலனளிக்காமல், கருவின் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜ் கட்டளையின் வெளியீட்டில் 'யூஏஎஸ்' என்ற சொல்லோடு இணைப்பு திரும்பத் திரும்ப மீளமைக்கப்படுவதாகச் செய்திகள் தெரிந்தால், எஸ்எஸ்டியின் உறைக்குள் இருக்கும் இணைப்புச் சில்லுக்கும் யூஏஎஸ் என்ற லினக்ஸின் வேகமான பரிமாற்ற முறைக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சில்லுக்கு மட்டும் பழைய பரிமாற்ற முறையைப் பயன்படுத்தும்படி கருவுக்குச் சொல்ல வழி இருக்கிறது. வேகம் சற்றுக் குறையும், நிலைத்தன்மை கிடைக்கும்.

கடிகாரத்துக்கு விளக்கம் எளிது. தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று உபுண்டு கொள்கிறது, உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்கிறது. சிங்கப்பூர் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னே இருப்பதால், உபுண்டு எழுதிவைத்த நேரத்தை விண்டோஸ் படிக்கும்போது சரியாக 8 மணி நேரம் குறைகிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உபுண்டுவையும் உள்ளூர் நேரத்தைக் கொள்ளும்படி மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும். வெளியிடக் கணினிகளிலும் இதே டிரைவைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதால் இந்தத் திருத்தம் உங்களுக்கு அவசியம். இல்லாவிட்டால் நிலையத்துக் கணினியின் கடிகாரத்தையும் நீங்கள் அறியாமலே மாற்றிவிட்டு வருவீர்கள்.

மகளின் மடிக்கணினியில் முயல வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களில் சாதன மேலாண்மைச் செயலி நிறுவப்பட்டிருக்கிறது. பயாஸ் அமைப்பை மாற்றுவதும் வேறு இயங்குதளத்தை எழுப்புவதும் அந்த ஏற்பாட்டைக் குலைக்கக்கூடும், பிட்லாக்கர் பூட்டிக்கொண்டால் மீட்பு எண் உங்கள் கணக்கில் இல்லாமல் போகவும் கூடும். பாடம் நடக்கும் வாரத்தில் மகளுக்குக் கணினி இல்லாமல் போவது அவருக்குத்தான் இழப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எஸ்எஸ்டி பையில் எம்ஆர்டியிலும் பேருந்திலும் உங்களோடு வருகிறது. அதில் மாணவர்களின் பெயர், மதிப்பெண், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவை இருக்கக்கூடும். கட்டணம் பெற்றுக் கற்பிப்பவர் என்ற முறையில் அந்த விவரங்களைக் காக்கும் கடமை தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்களுக்கு உண்டு. கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரை டிரைவைக் காக்காது. இன்னொரு கணினியில் செருகினால் கோப்புகள் அனைத்தும் திறந்தபடி கிடக்கும். முழு டிரைவையும் மறையாக்கம் செய்யும் வசதி உபுண்டுவில் நிறுவும் நேரத்திலேயே இருக்கிறது. நிறுவிவிட்ட டிரைவில் பின்னர் அதைச் செய்வது ஆபத்தானது என்பதால், இப்போதைக்கு மாணவர் விவரங்களை மட்டும் மறையாக்கம் செய்த தனிக் கோப்பகத்தில் வையுங்கள். அடுத்த பதிப்புக்கு மாறும்போது முழு மறையாக்கத்தோடு நிறுவுங்கள். உபுண்டு 22.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2027ஆம் ஆண்டில் முடிகிறது என்பதால் அந்த மாற்றம் தொலைவில் இல்லை. அப்போது மடிக்கணினியின் உள் டிரைவைப் பயாஸ் அமைப்பில் தற்காலிகமாக அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு நிறுவுங்கள். உள்ளே இஎஃப்ஐ பிரிவே தெரியாதபோது நிறுவி வேறெங்கும் நிரலை வைக்க முடியாது. அணைத்தபின் மறுபடி இயக்கும்போது பிட்லாக்கர் எண்ணைக் கேட்டாலும் அது இப்போது உங்கள் கையில் இருக்கும்.

இவற்றைச் செய்த பிறகும் ஏதேனும் ஒரு கணினியில் உபுண்டு எழாவிட்டால், திரை நின்ற இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, அந்தக் கணினியின் 'பயாஸ் மோட்' வரியையும், உபுண்டுவில் எல்எஸ்பிஎல்கே, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் ஆகிய இரண்டு கட்டளைகளின் வெளியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். பிட்லாக்கர் எண் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.